மே மாத முகாமுக்குப் போகிற குடும்பஸ்தருக்கு

ஈஸ்டர் ஆராதனை முடிந்த ஓரிரு வாரத்தில் சபையில் அறிவிப்பு வாசிப்பார்கள்: மே மாதம் வாலிபர் முகாம், மூன்று பகல், இரண்டு இரவு, வாலண்டியராக உதவ விரும்புகிறவர்கள் ஆயரிடம் பேர் கொடுக்கவும். பேர் கொடுப்பவர்களில் பாதிப்பேர் கல்யாணமாகாத தம்பி தங்கைகள். அவர்களுக்கு ஒரு பையும் ஒரு வேதாகமமும் இருந்தால் போதும், கிளம்பிவிடலாம். மீதிப்பேர் வேலை, வயதான பெற்றோர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று வீடு நடத்துகிறவர்கள். முகாமில் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பயிற்சி வகுப்பு உண்டு. போகிறவருடைய வீடு அந்த மூன்று நாளையும் எப்படிக் கடக்க வேண்டும் என்பதற்கு ஒரு வகுப்பும் கிடையாது. நல்ல வாலண்டியர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் ஒதுங்கிப்போவதற்கு வீட்டில் சேர்ந்துவிட்ட மனக்கசப்புதான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்தப் பதிவு வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

ஆயரிடம் பேர் கொடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள். பேர் கொடுத்துவிட்டு வந்து "எட்டாம் தேதி நான் முகாமுக்குப் போறேன்" என்றால் அது தகவல், கேள்வி ஆகாது. மூன்று நாள் பாரத்தைச் சுமக்கப்போகிறவருக்கு "இந்த வருஷம் வேண்டாமே" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று 1 தீமோத்தேயு 3:5 கேட்பது கண்காணிகளைக் குறித்துத்தான். ஆனாலும் முகாமில் ஒரு குழுவாக எட்டுப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிறவரும் அந்தக் கேள்வியைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் சம்மதம் கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தண்ணீர் கேன்காரர் நம்பர், ஆட்டோக்காரர் நம்பர், பக்கத்து வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவருடைய நம்பர் மூன்றும் தாளில் இருக்கட்டும். பெற்றோருக்கு பி.பி., சுகர் மாத்திரை இருந்தால் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, காலை மாத்திரை ஒரு டப்பாவிலும் ராத்திரி மாத்திரை ஒரு டப்பாவிலும் பிரித்து வையுங்கள். அட்டையைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டால், ஒரே நிறத்தில் இரண்டு மாத்திரை இருக்கும்போது தவறு நடந்துவிடும். பள்ளிக்கட்டணம், பாடப்புத்தகம், சீருடை துணி எல்லாம் மே மாதத்தில்தான் வந்து நிற்கும். அவற்றின் கடைசித் தேதி முகாம் நாட்களில் விழுகிறதா என்றும் பாருங்கள். முகாமுக்கு வாலண்டியரே கட்டணம் கட்டும் சபைகள் நிறைய. அந்தப் பணமும் பஸ் செலவும் வீட்டுக் கணக்கில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் எடுத்த பணம் பிறகு பேச்சில் வந்து நிற்கும்.

குடும்ப ஜெபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முகாமில் பிள்ளைகளிடம் "வீட்ல தினமும் ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லப்போகிறவர் வீட்டில் ஜெபம் நின்றுபோயிருந்தால், அந்த வார்த்தையில் பலம் இருக்காது. நின்றுபோவதற்குக் காரணம் அநேகமாக நீளம்தான். பதினைந்து நிமிஷம் போதும்: ஒரு பாட்டில் இரண்டு சரணம், பத்துப் பன்னிரண்டு வசனம், இரண்டு பேர் சுருக்கமாக ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். வாசிக்கிற முறை தினமும் மாற வேண்டும், ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு வசனமாவது கிடைக்க வேண்டும். அப்பா பிரசங்கம் பண்ணக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை ஃபோனைக் கீழே வைக்க நல்ல புத்தியைத் தாரும்" என்று பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிற பிள்ளையின் காதில் விழும்படி ஜெபிக்காதீர்கள். ஆண்டவரைச் சாட்சியாக வைத்துத் திட்டுவதாகத்தான் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது கேட்கும். அடுத்த வாரம் தலைவலி என்று சொல்லி ஜெபத்துக்கு வராமல் இருப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். கண்டிக்க வேண்டியதைப் பகலில் நேருக்கு நேர் சொல்லுங்கள். ஜெபத்தில் அந்தப் பிள்ளைக்காக நன்றி சொல்லுங்கள்.

வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் வார்த்தையைக் குறித்துப் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. ஜெப நேரம் குறுகினாலும் பரவாயில்லை என்று தைரியமாகச் சொல்வதற்கு இந்த வசனமே ஆதாரம். டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் வழியில் பேசும் ஐந்து நிமிஷமும் கணக்கில் வரும்.

முகாம் நாட்களில் வீட்டு ஜெபம் அதே நேரத்தில், வீட்டில் இருப்பவரே முன்நின்று நடக்கட்டும். உங்கள் குழுவில் இருக்கும் எட்டுப் பிள்ளைகளின் பெயரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளின் குடும்பப் பிரச்சினையையோ படத்தையோ ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னது ராத்திரிக்குள் அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக்குப் பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிஷம் தோதாக இருக்கும். நேரம் குறிக்காவிட்டால் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் கை ஓயும், அப்போது வீட்டில் தூங்கியிருப்பார்கள்.

சொந்தப் பிள்ளையும் அதே முகாமுக்கு வந்தால் வேறு குழுவில் போடச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் எல்லாருக்கும் அண்ணன் அல்லது அக்கா. உங்கள் பிள்ளைக்கு மட்டும் அப்பா அல்லது அம்மா. சாப்பாட்டு வரிசையில் தட்டைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பது, நாடகத்தில் என்ன வேஷம் கிடைத்தது என்று விசாரிப்பது, அவன் குழுவைப் பொறுப்பெடுத்திருக்கும் வாலண்டியரான கவுன்சிலரிடம் போய் "என் பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பது, இந்த மூன்றும் வேண்டாம். பெற்றோரின் கண்ணுக்கு வெளியே தன் விசுவாசத்தைச் சொல்லிப்பார்க்க அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற அரிய இடம் அது.

தமிழ்நாட்டில் மே மாத முகாம் என்றால் பரீட்சை ரிசல்ட்டை மறந்து திட்டம் போடவே முடியாது. பிளஸ் டூ முடிவு 2023-லும் 2025-லும் மே 8 அன்றும், 2024-ல் மே 6 அன்றும் வந்தது. பத்தாம் வகுப்பு முடிவு அதற்குச் சில நாள் கழித்து வரும். தேதி குறிக்கும்போதே மே முதல் பாதியைத் தவிர்ப்பது நல்லது. மலை வாசஸ்தலத்தில் அறை கிடைக்கும் தேதியைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முகாம் குறிக்கிறார்கள், அதனால் தவிர்க்க முடியாமலும் போகும். (கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. பஸ்ஸை வாடகைக்கு எடுக்கும்போதே வண்டி நம்பரை வாங்கிப் பதிந்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வண்டி மாறினால் அடிவாரத்தில் பிள்ளைகளோடு நிற்க வேண்டியிருக்கும்.)

ரிசல்ட் நாளில் செய்ய வேண்டியது இது. பிளஸ் டூ எழுதிய பிள்ளைகள் யார் யார் என்று முதல் நாள் இரவே கவுன்சிலர்கள் கணக்கெடுத்துவிட வேண்டும். காலையில் கூட்டமாக உட்கார்ந்து ஒரே ஃபோனில் பார்க்க விடாதீர்கள். ஒவ்வொருவராக, தனி அறையில், கதவு திறந்திருக்க, இரண்டு பெரியவர்கள் கூட இருக்கும்போது பார்க்கட்டும். பதிவு செய்த கைபேசிக்கு மதிப்பெண் குறுஞ்செய்தியாகவும் போய்விடுவதால், பல சமயம் பிள்ளைக்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்திருக்கும். அதனால் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதே பெற்றோரிடம் பேசிவையுங்கள்: "ரிசல்ட் எப்படி வந்தாலும் ஃபோன்ல முதல்ல 'சாப்பிட்டியா?'ன்னு கேளுங்க. மார்க்கைப் பத்தி வீட்டுக்கு வந்ததும் பேசிக்கலாம்." இந்த ஒரு ஏற்பாடு அன்றைய நாளையே மாற்றிவிடும்.

தோற்ற பிள்ளையையும், நினைத்த மார்க் வராத பிள்ளையையும் அன்று பகலும் இரவும் தனியாக விடக் கூடாது. அறைக்குப் போனாலும் மாடிக்குப் போனாலும் ஒரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். கேலி பேசும் பையன்களை முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடக்கும், ஒரு வருஷம் வீணாகாது என்ற தகவலை முதலில் சொல்லுங்கள். தகவல்தான் அந்த நேரத்தில் மூச்சு விட இடம் கொடுக்கும். பேச முடியாத அளவுக்கு உடைந்திருந்தால் 104-க்கோ 14416-க்கோ பேசலாம், இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் வசனம் சொல்லாதீர்கள். "எல்லாம் நன்மைக்கே" என்பதையும் "தேவ சித்தம்" என்பதையும் கண்டிப்பாகச் சொல்லாதீர்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவும் கண்ணீர் விட்டார். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், அழ விடுங்கள்.

உங்கள் சொந்தப் பிள்ளைக்கு ரிசல்ட் வருகிற வருஷமாக இருந்தால் அந்த வருஷம் முகாம் வேண்டாம். இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை.

அடுத்தது சாப்பாடு. குடும்பஸ்தர்கள் முகாமுக்குப் போனாலே அடுக்களைப் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்துவிடும், சமையல்காரர் இருந்தாலும் கணக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கல்யாணக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் நூறு பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி போதும், ஏனென்றால் அதில் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள், பதார்த்தமும் பத்து வகை இருக்கும். விளையாடிவிட்டு வரும் பதினாறு வயதுப் பையன் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வாங்குவான். நூறு பேருக்கு 15 கிலோ அரிசி, 3 கிலோ துவரம் பருப்பு, சாம்பாருக்கு மட்டும் 7 கிலோ காய் என்று வையுங்கள். கோழி 16 கிலோ. காலையில் வாங்கி மதியமே தீர்ந்துவிட வேண்டும், மிச்சத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்கக் கூடாது. மே மாத வெக்கையில் அது வயிற்றைக் கெடுத்தே தீரும்.

உப்புமாவுக்கு 8 கிலோ ரவை, 20 முதல் 24 லிட்டர் தண்ணீர். இதில் தவறு நடப்பது அளவில் அல்ல, நேரத்தில். நூறு பேர் வரிசையில் வாங்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஒரே அண்டாவில் கிண்டினால் கடைசி முப்பது பேருக்குக் கட்டியாகத்தான் போய்ச் சேரும், அவர்கள் பிஸ்கட் தின்றுவிட்டு பகல் முழுக்கச் சோர்ந்திருப்பார்கள். நாலு கிலோவாக இரண்டு தடவை, இருபது நிமிஷ இடைவெளியில் கிண்டச் சொல்லுங்கள். பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டினால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். புளியோதரை இன்னும் பத்திரம்.

சமவெளியில் முகாம் என்றால் குடிக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். நூறு பேருக்கு 20 லிட்டர் கேன் இருபது. காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் நாலு வரை மைதானத்துக்கு விடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பெரும்பாலோர் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, வாந்தியும் தாகமும் அதிகமாகும். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவை வாசித்துவிட்டுக் கலக்குங்கள். ஆறு, அருவி, கடல் பக்கத்தில் இருந்தால் குளிக்க அனுமதியே கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நீச்சல் தெரியும் என்று சொல்கிற பிள்ளைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பெண்பிள்ளைகள் பக்கம் நாப்கின், பழைய செய்தித்தாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி மூன்றும் கேட்காமலே இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பட்டியல் போட்டால் இது விடுபட்டுப்போகும், ஆகவே பட்டியல் போடும்போது ஒரு அக்கா கூட இருக்கட்டும்.

மூன்றாம் நாள் ஒப்புக்கொடுத்தல் கூட்டத்தைப் பற்றி, அதாவது வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கை தூக்கும் கூட்டத்தைப் பற்றி, எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. முதல் இரவு அரட்டை, இரண்டாம் இரவு கேம்ப் ஃபயர் என்று நாலு மணி நேரத் தூக்கத்தோடு வரும் பிள்ளை, விளக்கை அணைத்து மெல்லிசாக கீபோர்டு வாசித்தால் அழத்தான் செய்யும். அந்த அழுகையை மனந்திரும்புதல் என்று எண்ணிக் கணக்கெடுத்தால், அடுத்த மாதம் அந்தப் பிள்ளையே தன்மீது நம்பிக்கை இழந்துவிடும். இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு, வராந்தாவில் இரண்டு இரண்டு பேராக வாலண்டியர் காவல், காலை ஆறு மணி வரை யாரையும் எழுப்பாதிருத்தல், இவை ஆவிக்குரிய காரியங்களே. சீஷர்களைக்கூட "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று கர்த்தர் அழைத்ததை மாற்கு எழுதியிருக்கிறார். ஒப்புக்கொடுத்தல் கூட்டத்தைத் தூங்கி எழுந்த காலை நேரத்தில், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கை தூக்குகிறவர்கள் குறைவாக இருப்பார்கள். தூக்கினவர்கள் ஏன் தூக்கினார்கள் என்று தெளிவாகச் சொல்வார்கள்.

தனியாகப் பேச வரும் பிள்ளையிடம், மற்றவர்கள் பார்க்கும் இடத்தில், குரல் மட்டும் கேட்காத தூரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பெண்பிள்ளையிடம் அக்காமார் பேச வேண்டும், பையனிடம் அண்ணன்மார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டால் பண்ணாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் யாராவது பாலியல் ரீதியாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், 2012-ஆம் வருஷ போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். சபை மானம், குடும்ப மானம் என்று ஐயா, மூப்பர் என யார் சொன்னாலும் அதற்குக் கட்டுப்படக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098. துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றிரவே எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் நாளில் முகாம் கதையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மூன்று நாள் வீட்டைத் தாங்கினவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். மோட்டார் ரிப்பேர் ஆனதும், சின்னவளுக்குக் காய்ச்சல் வந்ததும், மாமியார் கோபித்துக்கொண்டதும் அந்த வீட்டின் முகாம் செய்திகள். கொண்டுவந்த அழுக்குத்துணியை நீங்களே ஊறவையுங்கள். மறுநாள் வேலைக்கு விடுப்பு இருந்தால் அது நீங்கள் தூங்குவதற்கு அல்ல, வீட்டில் இருப்பவர் தூங்குவதற்கு. உங்கள் தூக்கம் அதற்கு அடுத்த நாள்.

முகாமில் எடுத்த தீர்மானம் வீட்டில் நிற்க வேண்டுமானால் தினம் வாசிக்கச் சின்னதாக ஒரு பகுதி கையில் இருக்க வேண்டும். இதை ஸ்கிரிப்சர் யூனியன் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. 1867-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சிறுவர் ஊழியம் அது. மறுவருஷம் வேல்ஸின் லாண்டட்நோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று எழுதி, சிறுவர்களை அழைத்து அந்த எழுத்துகளைக் கூழாங்கல்லால் அலங்கரிக்கச் சொன்னார். கடற்கரைக்கு வந்த பிள்ளைகள் விடுமுறை முடிந்தால் ஊர் திரும்பிவிடுவார்கள். கெஸ்விக் ஊரின் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஆனி மார்ஸ்டன் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினசரி வாசிப்புப் பகுதிகளை எழுதிக் கொடுத்து வந்தார். அந்த யோசனைதான் 1879-ல் அச்சிட்ட வாசிப்பு அட்டையாக எல்லாருக்கும் போனது. இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மாற்கு சுவிசேஷத்துக்குப் பதினாறு அதிகாரம். தினம் அரை அதிகாரம் என்று பிரித்து ஒரு அட்டையில் எழுதினால் முப்பத்திரண்டு நாள் வரும். பெட்டிக்குள் போட்டுவிடாமல், பிள்ளை பஸ் ஏறும்போது கையில் கொடுங்கள். உங்கள் வீட்டு ஜெபத்திலும் அதே பகுதியை அதே நாளில் வாசியுங்கள். குழுப் பிள்ளையிடம் ஃபோனில் பேசும்போது "இன்னிக்கு நாங்களும் அதான் வாசிச்சோம்" என்று சொல்ல முடியும்.

முதல் ஃபோன் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும், பெற்றோர் நம்பர் வழியாகவே போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பெற்றோரையும் பாருங்கள், முடிந்தால் உங்கள் குடும்பத்தோடு போங்கள். இந்துக் குடும்பத்திலிருந்தோ வேறு சபையிலிருந்தோ வந்த பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதத்துக்கு மேல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். லுத்தரன் சபைப் பிள்ளையை அதன் சபைக்கே அனுப்புங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளை, நற்கருணைக்கு ஆயத்தமாக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கு வயது வந்திருந்தால் அந்தச் சேகர ஆயரிடம் பேரைச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்து டியூஷனும் தொடங்கிவிட்டால் பிள்ளைகளைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே குழுப் பட்டியலை ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தந்த ஞாயிறு பள்ளி ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.